காப்பியில் மிதந்த மெழுகு

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குத் தம்பி ஒரு மர டம்ளர் செய்து கொடுத்தான். கடையில் வாங்கியதில்லை. ஆறு மாதமாகச் சனிக்கிழமைகளில் மரக்கடைசல் வகுப்புக்குப் போய், நான்கைந்து கட்டைகளைப் பாழாக்கி, ஒருவழியாக உருப்படியாக வந்த ஒன்று. கையில் எடுத்தால் வழவழவென்று, தேன் நிறத்தில், அவ்வளவு அழகு. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காப்பி ஊத்திக் கொண்டாம்மா, குடிச்சுப் பார்ப்போம்" என்றார்.

முதல் மிடறு குடித்ததும் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு எதுவும் சொல்லாமல் முழுவதையும் குடித்து முடித்தார். மகன் முகம் வாடக்கூடாது என்று நினைத்திருப்பார். டம்ளரைக் கழுவ எடுத்தபோதுதான் எனக்கு வாடை தெரிந்தது. மண்ணெண்ணெய் போல ஒரு நெடி. அடியில் மிச்சமிருந்த காப்பியில் சின்னச் சின்ன வெள்ளைத் திட்டுகள், ஆறிப்போன பொங்கலில் உறைந்த நெய் மாதிரி.

"என்னடா பூசினே இதுல?"

"எண்ணெய்தான் அக்கா. டின்னுல டங் ஆயில்னு போட்டிருந்துச்சு. அதுக்கு மேல தேன்மெழுகு. ரெண்டுமே இயற்கைதானே?"

"பூசி எத்தனை நாளாச்சு?"

"வியாழக்கிழமை."

அன்று சனிக்கிழமை.

அந்த டின்னை வரவழைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தேன். முன்பக்கத்தில் பெரிதாக டங் ஆயில் என்றும், அதன் கீழே சிறிதாக 'ஃபினிஷ்' என்றும் இருந்தது. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் மாறிவிடுகிறது. டங் என்பது சீனாவில் வளரும் ஒரு மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய். நூற்றாண்டுகளாக மரக்கலங்களுக்குப் பூசியது. சீனப் படகுக்காரர்கள் டங் எண்ணெயையும் சுண்ணாம்பையும் நாரோடு குழைத்துப் பலகை இடுக்குகளை அடைப்பார்கள். அந்தக் குழம்புக்கு ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் 'சுனாம்'. நம்முடைய சுண்ணம்தான். (தேக்கா வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் அங்கிருந்த சுண்ணாம்புக் காளவாய்களால்தான். அது வேறு கதை.) ஆனால் 'டங் ஆயில் ஃபினிஷ்' என்று விற்கும் டின்களில் பலவற்றில் டங் எண்ணெய் கொஞ்சம்தான் இருக்கும், சிலவற்றில் இருப்பதே இல்லை. மீதியெல்லாம் வார்னிஷும் அதை நீர்க்க வைக்கும் தின்னரும். அப்பா குடித்தது அந்தத் தின்னர் இன்னும் முழுதாகப் பறந்து போகாத டம்ளரில்.

கைவினைப் பொருள் செய்யும் இளையர்கள் இப்போது இங்கே நிறையப் பேர். சாலை விரிவாக்கத்துக்காகவும் கட்டுமானத்துக்காகவும் வெட்டப்படும் நம்மூர் மரங்களை வீணாக்காமல் மேசை நாற்காலியாக்கும் தச்சுப் பட்டறைகளும் இருக்கின்றன. மேசைக்கு எந்த எண்ணெய் பூசினாலும் பெரிய மோசமில்லை. வாயில் வைத்துக் குடிக்கும் பாத்திரத்துக்கு அப்படி இருக்க முடியாது. அதனால் அடுத்த இரண்டு மாதம் நானும் தம்பியும் இதிலேயே கிடந்தோம். கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

எண்ணெய் 'காய்வது' என்பதே பலருக்கும் புரியாத விஷயம். ஈரத் துணி காய்வது போல எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. டங், ஆளிவிதை, அக்ரூட் ஆகிய மூன்று எண்ணெய்களும் காற்றிலிருக்கும் உயிர்வாயுவை இழுத்து, மரத்தின் நாருக்குள்ளேயே இறுகிக் கெட்டியாகின்றன. நம் வீட்டு நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் அப்படி இறுகுவதில்லை. "எங்க ஆத்தா தேங்காய் எண்ணெய்தான் தடவும், என்ன கெட்டுப் போச்சு?" என்று ஒரு மாமா கேட்டார். அது உலக்கைக்கும் அரிவாள்மனைப் பலகைக்கும் சரி. டம்ளரின் உட்பக்கம் தடவினால் ஒரு மாதத்தில் பிசுபிசுத்து, சிக்குவாடை அடிக்கும்.

இறுகும் எண்ணெய் முழுதாக இறுகிய பிறகுதான் பயமில்லை. சுத்தமான டங் எண்ணெய்க்கே மூன்று நான்கு வாரம் வேண்டும் என்கிறார்கள். அது காற்று உலர்ந்த ஊர்களின் கணக்கு. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில், அதுவும் மழை நாளில், இன்னும் இழுக்கும். ஆளிவிதை எண்ணெய் தனியாக என்றால் இன்னும் தாமதம். அதனால்தான் வன்பொருள் கடையில் 'கொதிக்கவைத்த ஆளி எண்ணெய்' என்று ஒன்றை விற்கிறார்கள். இந்தக் காலத்தில் அதைப் பெரும்பாலும் யாரும் கொதிக்கவைப்பதில்லை. சீக்கிரம் இறுகுவதற்காகக் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளைச் சேர்க்கிறார்கள். முன்பெல்லாம் ஈயமும் சேர்த்ததுண்டு. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் உணவுப் பாத்திரப் பூச்சுகளில் சேர்க்கலாம் என்று வைத்திருக்கும் பட்டியலில் கோபால்ட்டும் மாங்கனீசும் இருக்கவே செய்கின்றன. முழுதாக இறுகிய பூச்சுக்குத்தான் அந்த அனுமதி. டின்னில் 'உணவுக்குப் பாதுகாப்பானது' என்று இருந்தால், அதன் கீழே பொடி எழுத்தில் எத்தனை நாள் கழித்து என்பதையும் தேடிப் பாருங்கள். நம்மூர் உணவு விதிமுறைகள் எண்ணெயின் பெயரைப் பார்ப்பதில்லை. பாத்திரத்திலிருந்து உணவுக்குள் நச்சோ, கெடுதலோ, வேண்டாத சுவையோ இறங்கக்கூடாது என்பதுதான் அங்கே கேள்வி. வீட்டுக்கும் அந்தக் கேள்வியே போதும்.

அக்ரூட் எண்ணெய் வாசனையாக, எந்தக் கலப்பும் இல்லாமல் பேரங்காடியிலேயே கிடைக்கும். எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. தம்பி மகளுக்குக் கொட்டை வகை ஒவ்வாமை. இறுகிய எண்ணெயால் ஆபத்தில்லை என்று சிலர் சொல்லலாம். ஒரு குழந்தையின் தொண்டையை வைத்துச் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை. பரிசாகக் கொடுக்கப்போகும் டம்ளர் யார் வாயில் படும் என்பது நமக்குத் தெரியாது. அதனால் அக்ரூட்டைத் தவிர்ப்பதே நல்லது.

இங்கே கட்டாயம் ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் குழாயில் போடாதீர்கள், வாளியில் குவித்தும் வைக்காதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும். கசங்கிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீப்பெட்டி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ஆளி எண்ணெயில் இது மிகவும் சகஜம். வீவக வீட்டில், துணிக்கொடியும் சலவை இயந்திரமும் இருக்கும் அந்தச் சின்னப் பின்கட்டில், இதைவிட மோசமான விபத்து வேண்டியதில்லை. துணியை விரித்துத் தனியாகத் தொங்கவிட்டு விறைப்பாகக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடி வையுங்கள். தம்பி அந்த வியாழக்கிழமைத் துணியைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி அலமாரிக்குள் வைத்திருந்தான். கேட்டதும் எனக்குக் கைகால் உதறியது.

இனி அந்த வெள்ளைத் திட்டு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நாம் ஆற்றிக் குடிக்கும் காப்பியும் டம்ளரில் விழும்போது அதைவிடச் சூடு. எனவே மெழுகு உருகி மேலே மிதக்கத்தான் செய்யும். தேன்மெழுகு வயிற்றுக்குள் போனால் கெடுதல் இல்லை, ஆனால் டம்ளருக்குப் பாதுகாப்பும் போயிற்று, காப்பியும் போயிற்று. கார்னாபா என்ற பனைமெழுகு 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதுவும் கொதிக்கும் தேநீருக்குத் தாங்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின், அதாவது மினரல் ஆயில், காய்கறி வெட்டும் பலகைக்கு நல்லது. அது என்றைக்குமே இறுகாது என்பதால், சூடான பானம் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி வந்துவிடும்.

"அப்போ அரக்கு?" என்றாள் அம்மா. அம்மாவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். சின்ன வயதில் விளையாடிய மரச்செப்புச் சாமான்கள் நினைவு. மஞ்சள் கடம்ப மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்ந்த சூட்டில் நிறம் உருகிப் படியும். கர்நாடகத்தின் சன்னபட்னா பொம்மைக்கும் இதே வித்தை. அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரப்பதுதான் இது. மாத்திரைகளுக்கும் மிட்டாய்க்கும்கூடப் பளபளப்புக்காகப் பூசுகிறார்கள், தின்னக்கூடியது. ஆனால் உருகி ஏறியது சூட்டில் இளகவும் செய்யும். கொதிக்கும் காப்பி பட்டால் வெளுத்து, ஒட்டும். மது பட்டால் கரைந்தே போகும். செப்புச் சாமானில் நாம் ஊற்றியதெல்லாம் வெறும் தண்ணீரும் கற்பனைச் சோறும்தானே.

தமிழில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஜப்பானியர்கள் சூப் குடிக்கும் கறுப்புக் கிண்ணத்துக்கும், பர்மாவின் பாகன் நகரக் கிண்ணத்துக்கும் நாம் 'அரக்கு வேலைப்பாடு' என்றே சொல்லிவிடுகிறோம். அது பூச்சியின் அரக்கு இல்லை, மரத்தின் பால். ஜப்பானில் உருஷி என்கிறார்கள். மாமரமும் முந்திரியும் சேங்கொட்டையும் அந்த மரத்துக்குப் பங்காளிகள். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்து கொப்புளிப்பது போலவே, பச்சை உருஷி பட்டாலும் கொப்புளிக்கும். ஆனால் இறுகிவிட்டால் கொதிக்கும் சூப்பும் புளிப்பும் மதுவும் அதை ஒன்றும் செய்யாது. வேடிக்கை என்னவென்றால், மற்ற எண்ணெய்களுக்கு எதிரியான ஈரக்காற்றுதான் உருஷிக்கு வேண்டியது. ஜப்பானில் ஈரப்பெட்டி கட்டி அதற்குள் வைக்கிறார்கள். நம்மூரில் வீட்டையே திறந்து வைத்தால் போதும். தம்பி கண்கள் விரிந்தன. "வேணாம்டா" என்றேன். முகமெல்லாம் வீங்கி அலுவலகம் போகவேண்டிய நிலையை நினைத்துப் பார்த்தேன்.

இபாக்சி, பாலியூரித்தேன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மர டம்ளருக்குள் பிளாஸ்டிக் டம்ளர் வைப்பதுதான் அது. இரண்டு பாட்டிலைக் கலக்கும் அளவு கொஞ்சம் தவறினால் இறுகாத பகுதி அப்படியே நின்றுவிடும். பொழுதுபோக்குக்காக விற்கும் இபாக்சி பலவும் கொதிநீரின் சூட்டில் இளகும்.

இத்தனையும் எண்ணெய் பற்றி. மரத்தைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. யோசிக்க வைத்தது அப்பாவின் இன்னொரு டம்ளர்.

லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துச் சாமான் விற்கும் கடைகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கனத்த, செம்பழுப்பு நிற வேங்கை மர டம்ளர். இரவு தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் தேநீர் நிறத்தில் இருக்கும். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று குடிப்பார்கள். அப்பாவும் நான்கு மாதமாகக் குடித்துவந்தார். அந்த டம்ளரில் எந்தப் பூச்சும் கிடையாது, இருக்கவும் கூடாது. மரத்தின் சாறு தண்ணீரில் இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் அதை வாங்குவதே. பூச்சுப் போட்டுப் பளபளக்கும் வேங்கை டம்ளரை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

தம்பி கடைந்ததும் வேங்கையின் ஒன்றுவிட்ட தம்பி மரத்தில்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அங்சானா. நம் சாலையோரங்களில் திடீரென்று ஒருநாள் மஞ்சளாகப் பூத்து, மறுநாளே தரையெல்லாம் உதிர்ந்து கிடக்குமே, அது. 1960, 70களில் ஊரைச் சீக்கிரம் பசுமையாக்க, பெரிய கிளையை வெட்டி நட்டாலே வேர்விடும் என்று இதை 'உடனடி மரம்' போல நட்டார்கள். தாவரவியலில் வேங்கையும் அங்சானாவும் ஒரே பேரினம்.

கடைசல் சீவல் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டு, சன்னலோரம் வைத்தோம். அரை மணி நேரத்தில் தண்ணீர் வெளிர் மஞ்சள். ஆனால் வெயில் விழும் பக்கத்திலிருந்து பார்த்தால், ஓரத்தில் மெல்லிய நீலம். தம்பி மகள் கத்தியே விட்டாள். இந்த நீலத்துக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. 1565இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் மொனார்தெஸ், மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு மரம் தண்ணீரை நீலமாக்குவதையும் சிறுநீரகக் கோளாறுக்கு அதைக் கொடுப்பதையும் எழுதினார். அந்த மரக் கோப்பைகள் ஐரோப்பிய அரண்மனைகளில் அதிசயப் பொருளாயின. ராபர்ட் பாயில் 1664இல், அந்தத் தண்ணீரில் புளிப்பைச் சேர்த்தால் நீலம் மறைவதையும் காரத்தைச் சேர்த்தால் திரும்பி வருவதையும் எழுதி வைத்தார். அந்தக் கோப்பைகளில் ஒருவகை பிலிப்பீன்ஸில் நார்ரா மரத்தில் கடைந்தவை என்று பிற்காலத்தில் கண்டுபிடித்தார்கள். நார்ரா என்பது நம் அங்சானாவேதான். நாங்களும் எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு விட்டோம். நீலம் மறைந்தது.

பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. வெறும் தண்ணீரில் அரை மணி நேரத்தில் இவ்வளவு இறங்குகிறதென்றால், சூடான காப்பியில்? அங்சானாவைப் பற்றி அஞ்ச வேண்டிய சேதி எதுவும் நான் படிக்கவில்லை. ஆனால் எல்லா மரமும் அப்படியில்லை. அரளிக் கட்டையும் எட்டிக் கட்டையும் விஷம். என்ன பூசினாலும் பாத்திரமாக்கக்கூடாது. இலவசமாகக் கிடைக்கிறதென்று சரக்குப் பலகைகளை உடைத்துச் செய்பவர்கள் அதிலுள்ள முத்திரையைப் பாருங்கள். 'எச்டி' என்றால் சூடாக்கிப் பூச்சியழித்தது, 'எம்பி' என்றால் மெத்தில் புரோமைடு வாயுவால். இரண்டிலும் மேலே என்ன கொட்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பாத்திரத்துக்கு வேண்டாம்.

சாறு இறங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த மாதம்தான் அப்பாவின் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு வந்தது. 6.9 இருந்தது 8.1 ஆகியிருந்தது. மருத்துவர் மாத்திரையைப் பற்றிக் கேட்டதும் அப்பா தரையைப் பார்த்தார். வேங்கைத் தண்ணீர் குடிப்பதால் இரவு மாத்திரையை நிறுத்திவிட்டாராம், யாரிடமும் சொல்லாமல். வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் எனக்குக் கோபமும் அழுகையும் மாறி மாறி வந்தன.

வேங்கைக்குச் சக்தியே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1998இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஆய்வில், புதிதாகச் சர்க்கரை நோய் கண்ட 97 பேருக்கு வேங்கைச் சாரத்தைக் கொடுத்ததில் 67 பேருக்கு 12 வாரத்தில் கட்டுக்குள் வந்தது. ஆனால் கவனியுங்கள்: அது நாளொன்றுக்கு 2 முதல் 4 கிராம் வரை அளந்து கொடுத்த சாரம், மருத்துவர் கண்காணிப்பில். ஒப்பிட்டுப் பார்க்க மாத்திரை சாப்பிடாத இன்னொரு கூட்டமும் அதில் இல்லை. டம்ளரில் ஊறும் தண்ணீரில் எவ்வளவு இறங்குகிறது என்று யார் அளந்தார்கள்? புது டம்ளரில் கருஞ்சிவப்பாக வந்தது நான்காம் மாதத்தில் வெறும் மஞ்சளாகியிருந்தது. அளவு தெரியாத மருந்தை நம்பி அளவு தெரிந்த மருந்தை விட்டுவிட்டார்.

"தண்ணி குடிங்கப்பா, வேணாம்னு சொல்லல. மாத்திரையை மட்டும் விடாதீங்க. மருத்துவர்கிட்ட இதையும் சொல்லிடுங்க" என்றேன். தலையை ஆட்டினார். இப்போது வார மாத்திரைப் பெட்டியை அம்மா தன் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள்.

தம்பியின் டம்ளருக்கு வருகிறேன். பூசியதையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, மறுபடி வெறும் மரமாக்கினோம். ஜாலான் புசார் பக்கம் மூன்று கடை ஏறி இறங்கி, உள்ளே டங் எண்ணெயைத் தவிர வேறெதுவும் இல்லாத டின் ஒன்றை வாங்கினான். மெல்லிதாக ஒரு பூச்சு, அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைப்பது, மூன்று நாள் காற்றில் வைப்பது. இப்படி ஐந்து முறை. அடிப்பக்கத்தில் மரத்தின் நரம்பு வெட்டுப்பட்டிருக்கும் இடம் ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சியது. அங்கே மட்டும் இன்னும் இரண்டு பூச்சு. பிறகு ஏழு வாரம் மின்விசிறிக்கு எதிரே, வாயைத் திறந்து வைத்தபடி. மெழுகு இல்லை.

சோதனை எளிது. மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும். எண்ணெய் வாடை இருந்தால் இன்னும் ஆகவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் கொட்டிப் பார்க்க வேண்டும். நிறமோ, மேலே எண்ணெய்ப் படலமோ, சுவையில் மாற்றமோ கூடாது. ஐந்தாவது வாரத்தில் எங்கள் டம்ளர் தோற்றது. ஏழாவது வாரத்தில் தேறியது.

அப்படியும் அதில் காப்பி ஊற்றுவதில்லை என்று முடிவு செய்தோம். ஒருநாள் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பரவாயில்லை. தினம் இரண்டு வேளை ஊற்றி, கழுவி, ஊற்றி, கழுவி என்றால் எந்த எண்ணெயும் தேய்ந்து, மரம் விரிந்து சுருங்கி, வாயோரத்தில் கீறல் விழும். காப்பிக்கு எவர்சில்வர் டம்ளரும் டபராவும் இருக்கவே இருக்கின்றன. மர டம்ளரில் அப்பா மத்தியானம் மோர் குடிக்கிறார். உடனே கழுவி, துடைத்து, கவிழ்க்காமல் நிமிர்த்தி வைக்கிறார். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பக்கமே அது போவதில்லை. ஐந்தாறு மாதத்தில் உட்புறம் வெளிறினால் இன்னொரு பூச்சு, இன்னொரு காத்திருப்பு.

தம்பி மகளுக்குத்தான் ஏமாற்றம். போன ஞாயிற்றுக்கிழமை தாத்தாவின் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, சன்னலோரம் வைத்து, அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. "அத்தை, நீலம் வரலையே?" என்றாள். சீவல் மிச்சமிருந்த பொட்டலத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடிக் குவளையில்தான் போட வேண்டும், குடிக்கக்கூடாது என்று சொல்லி.